தோட்டத்திலிருந்து மன்றத்துக்கு: மலேசியத் தமிழரின் உள்ளூர் அரசியலும் இன நீதியும்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது செடெனாக். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909-இல் இணைக்கப்பட்ட ரயில்பாதை இவ்வழியாகத்தான் செல்கிறது. அந்தப் பாதையை அடுத்து இந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் இடம் விட்டுக்கொண்டிருக்கிறது. செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் பன்னாட்டு நிறுவனங்களின் தரவு மையங்கள் எழும்பியுள்ளன. மலேசியாவும் சிங்கப்பூரும் 2025 ஜனவரி 7 அன்று கையெழுத்திட்ட சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தின் ஒன்பது முதன்மைப் பகுதிகளில் செடெனாக்கும் ஒன்று.

நிலத்தின் பயன் மாறும்போதெல்லாம் அந்த நிலத்தில் உழைத்தவர்களின் வாழ்க்கையும் மாறுகிறது. அந்த மாற்றத்தை முடிவு செய்யும் மேசையில் அவர்களுக்கு இடம் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மலேசியத் தமிழர் அரசியலைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அமைச்சர்களையும் கட்சித் தலைவர்களையும் சுற்றியே நிற்கின்றன. குழாய்த் தண்ணீர், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடு, கோயில் நிலம், தமிழ்ப்பள்ளிக்குப் போகும் சாலை என்று அன்றாட வாழ்வை ஆள்வது உள்ளூர் அதிகாரம். அந்த அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தோட்டத் தமிழருக்கு ஏறக்குறைய எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. அதனால்தான் சமூகப் பணியிலிருந்து அரசியலுக்கு வந்த ஒவ்வொருவரும் முதல் படி இல்லாத ஏணியில் ஏற வேண்டியிருந்தது. இன நீதிக்கான போராட்டம் இந்த முதல் படியைக் கட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் இங்கே நிறுவ முயல்வது.

மூன்று விதக் குடியிருப்புகள்

கூலாய் வட்டாரத்தில் மூன்று விதமான குடியிருப்புகள் உருவாகின. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

முதலாவது, சீனப் புதுக்கிராமம். 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உணவு போவதைத் தடுக்க வகுத்த பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூனில் ஜொகூரின் தென்பகுதியிலிருந்துதான் தொடங்கியது. காட்டோரம் சிதறி வாழ்ந்த சீனக் குடியானவர்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டார்கள். நாடு முழுவதும் சுமார் 5 லட்சம் பேர் இப்படி இடம் மாற்றப்பட்டார்கள். அது கொடுமையான செயல்தான். ஆனால் அவர்களின் மனங்களை வெல்ல வேண்டிய தேவை ஆட்சிக்கு இருந்ததால், 1952-இல் வந்த ஊர் மன்றச் சட்டத்தின் கீழ் பல புதுக்கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் கிடைத்தன.

இரண்டாவது, ஃபெல்டா குடியேற்றம். 1956-இல் தொடங்கிய இந்தத் திட்டம் நிலமற்ற கிராமத்தவர்களுக்குக் காடு திருத்திய நிலத்தையும் வீட்டையும் கடனாகக் கொடுத்து, நாளடைவில் அவர்களை உடைமையாளர்கள் ஆக்கியது. கூலாய் மாவட்டத்தில் உள்ள தாயிப் அண்டாக் இத்தகைய குடியேற்றம். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அவர்களும் ஏழைகளே, அவர்கள் பட்ட பாடும் குறைவானதல்ல. எனினும் நட்ட மரம் ஒருநாள் தமக்குச் சொந்தமாகும் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது.

மூன்றாவது, தோட்டம். அவசரகாலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் ஒன்று சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இப்படி மறுசேர்க்கை செய்யப்பட்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். புதுக்கிராமங்களைவிட இந்த எண்ணிக்கை பெரியது. ஆனால் தோட்டத்துக்கு மன்றம் வரவில்லை, நிலமும் வரவில்லை. தோட்டம் தனியார் சொத்து என்பதால் விடுதலைக்குப் பின் வந்த கிராமப்புற வளர்ச்சித் திட்டங்களின் பணமும் அதன் நுழைவாயிலோடு நின்றுவிட்டது. சாலை, தண்ணீர், மின்சாரம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் இதற்கான குறைந்தபட்ச அளவுகளை விதித்தது.

ஒரே மாவட்டம், ஒரே செம்மண், ஒரே மழை. ஒரு குடியிருப்புக்கு வாக்கு கிடைத்தது, இன்னொன்றுக்கு நிலம் கிடைத்தது, மூன்றாவதற்கு இரண்டும் கிடைக்கவில்லை. மலேசிய இன அநீதியைப் பற்றிப் பேசும்போது பல்கலைக்கழக இடங்களும் அரசு வேலைகளும் முதலில் நினைவுக்கு வருகின்றன. தமிழரைப் பொறுத்தவரை அதன் வேர் இந்தக் குடியிருப்பு அமைப்பில்தான் இருக்கிறது.

சைக்கிளில் போகும் உரிமை

வேலிக்குள் இருந்தவர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் அன்றைய தோட்ட வாழ்க்கை கண்முன் வந்துவிடும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான தமிழ்க் கல்வி, பெண்களிடம் அதிகாரிகள் தகாத முறையில் நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, கூட்டம் கூடும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையோ கிராணி எனப்படும் தோட்ட எழுத்தரோ எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலிக் கோரிக்கையும் சைக்கிள் கோரிக்கையும் ஒரே மனுவில் இடம்பெற்றதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தொழிலாளி கேட்டது பணத்தை மட்டுமல்ல, தன் தோட்டத்துச் சாலையில் நிமிர்ந்து போகும் மதிப்பையும் சேர்த்துத்தான். அரசு நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. கலகம் வெடித்தது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பின் கெடாவில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிப்பதும் தோட்டத்து மக்களை ஒழுங்குபடுத்துவதும் அதன் பணி. பெடோங்கில் உள்ள ஹார்வார்ட் தோட்டத்தில் 1947-இல் நடந்த மோதலுக்குப் பின் காவல்துறை அதை நசுக்கியது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நாடு கடத்தல், தடியடி, தூக்குக் கயிறு ஆகிய மூன்று பதில்களுக்குப் பின், தோட்டத்துக்குள்ளிருந்து சுயமாக எழும் தலைமை என்பதே வெகுகாலம் இல்லாமல் போயிற்று. அந்த இடத்தை அரசு ஏற்றுக்கொண்ட தொழிற்சங்கமும், கூட்டணிக் கட்சியான மலேசிய இந்தியர் காங்கிரஸும் (மஇகா) நிரப்பின. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலி ஒப்பந்தங்களில் உழைத்தது. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் தொழிலாளர்களைத் தெருவில் தள்ளியபோது மஇகா தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசிறு பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அது மிக மதிப்புள்ள முயற்சி. ஆயினும் உள்ளூர் ஆட்சியில் தொழிலாளிக்குக் குரல் என்ற கேள்வி தொடப்படாமலே கிடந்தது.

வாக்குப்பெட்டி இருந்த காலம்

நகரத்துத் தமிழரின் கதை வேறு. ஜார்ஜ் டவுனில் 1951 டிசம்பரில் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நகரங்களும் வாக்களித்தன. தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ்.ராமநாதன் 1950களின் இறுதியில் ஜார்ஜ் டவுன் மேயராக இருந்தார். ஈப்போவில் மக்கள் முற்போக்குக் கட்சியின் டி.ஆர்.சீனிவாசகம், எஸ்.பி.சீனிவாசகம் சகோதரர்கள் நகர மன்றத்தைத் தங்கள் கட்சியின் கோட்டையாக்கினார்கள். வழக்கறிஞர்களான அவர்கள் ஏழைகளுக்காக வாதாடியே மக்களிடம் வேர் விட்டவர்கள். ராமநாதன் பெயரில் பினாங்கில் ஒரு சாலையும், டி.ஆர்.சீனிவாசகம் பெயரில் ஈப்போவில் ஒரு பூங்காவும் இன்றும் உள்ளன.

இந்த இரண்டு நகரங்களிலும் சீனர்களே பெரும்பான்மை. தமிழர் எண்ணிக்கையில் சிறுபான்மை. அப்படியிருந்தும் வாக்காளர்கள் தமிழ்த் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குப்பை, சாக்கடை, வாடகை, கடை உரிமம் ஆகியவற்றில் யார் நியாயமாக நடந்துகொள்வார் என்பதே அன்று எடை போடப்பட்டது. இனம் அங்கே முற்றாக மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இனத்தைத் தாண்டி நம்பிக்கை வைக்கும் பழக்கத்தை மக்கள் அந்த மன்றங்களில் பயின்றார்கள்.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி அமைப்புகளின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். மஇகாவைச் சேர்ந்த வழக்கறிஞர், பின்னாளில் சட்டத்துறைத் துணை அமைச்சர். தீபகற்பத்தில் அப்போது 374 ஊராட்சி அமைப்புகள் இருந்தன. பல அமைப்புகளில் நிதிக் குளறுபடியும் நிர்வாகக் கோளாறும் இருந்ததை ஆணையம் மறைக்கவில்லை. என்றாலும் குறையைத் திருத்த வேண்டுமே தவிரத் தேர்தலை ஒழிக்கக் கூடாது என்று 1968-இல் பரிந்துரைத்தது. ஆளுங்கூட்டணிக்குள் இருந்துகொண்டே ஒரு தமிழர் எழுதிய இந்தப் பரிந்துரை மலேசிய மக்களாட்சிக்கு நம் சமூகம் அளித்த பெரிய கொடைகளில் ஒன்று. அரசு அதை ஏற்கவில்லை. 1969 மே மாத இனக் கலவரத்துக்குப் பின் சூழல் முற்றிலும் மாறிவிட்டது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு மன்றத்தில் தலைவரோடு 8 முதல் 24 வரை உறுப்பினர்கள் இருக்கலாம். அனைவரையும் நியமிப்பது மாநில அரசு. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அப்பகுதியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சியில் அனுபவம் உள்ளவர்களாகவோ, தொழிலில் சிறந்தவர்களாகவோ, தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவர்களாகவோ இருக்க வேண்டும். சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவர் யார் என்பதை அந்தச் சமூகத்திடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நடைமுறையில் இடங்கள் ஆளுங்கட்சிகளுக்கிடையே பங்கிடப்படுகின்றன. 2008-க்குப் பின் சிலாங்கூர், பினாங்கு அரசுகள் சமூக இயக்கத்தினர் சிலரை நகராண்மைக் கழகங்களுக்கு நியமித்தது நல்ல தொடக்கம். ஆனால் நியமித்த கை விலக்கவும் முடியும். தன் தெருவின் வாக்கால் வந்தவருக்கும் கட்சி அலுவலகத்தின் கடிதத்தால் வந்தவருக்கும் உள்ள வேறுபாடு, மன்றக் கூட்டத்தில் எதிர்த்துப் பேச வேண்டிய வேளையில் தெரியும்.

சுங்கை சிப்புட்டில் ஒரு மருத்துவர்

1980 முதல் இருபது ஆண்டுகளில் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் குழிப்பந்துத் திடல்களாகவும் மாறின. வெளியேறியவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு குடும்பத்துக்கு இது எப்படி நடந்தது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குப் பணிநீக்க இழப்பீடு, ஆண்டுக்கு 20 நாள் கூலி என்பது 1980-ஆம் ஆண்டு விதி. முப்பது ஆண்டு பால்வெட்டிய ஒருவருக்கு 600 நாள் கூலி வரும். நாளுக்கு 20 ரிங்கிட் என்று கொண்டால் 12,000 ரிங்கிட். அன்றைய மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்த விலை 25,000 ரிங்கிட். வேலையோடு லயத்து வீடும் போய்விடும். கொல்லைப்புறத்துக் காய்கறியும், மாடு மேய்த்த இடமும், குலதெய்வக் கோயிலும் எந்தக் கணக்கிலும் சேராது. நகரோரப் புறம்போக்குக் குடிசைகளும், அங்கே வளர்ந்த பிள்ளைகளின் திசைதவறிய வாழ்வும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் தேவராஜ் இதை நேரில் கண்டார். நெஞ்சு நோய் நிபுணரான அவரும் அவர் துணைவியார் ராணி ராசையாவும் தோட்ட மக்களிடையே 'அலைகள்' என்ற அமைப்பின் வழியே பணியாற்றினார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் தொடங்கிய வேலை, ஊழியர் சேமநிதிப் பிரச்சினை, தொழிலாளர் நீதிமன்ற வழக்கு, வீட்டை விட்டு வெளியேற்றும் அறிவிப்பு என்று விரிந்தது. மனுவை எழுதித் தருவதோடு நிறுத்தாமல், தொழிலாளர்களையே அலுவலகத்துக்கு அழைத்துச்சென்று பேசவைக்கும் முறையை இந்த இயக்கத்தினர் கைக்கொண்டார்கள். கிராணி முன் கைகட்டி நின்றே பழகிய ஒருவர் அரசு அதிகாரியின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தன் வழக்கைத் தானே சொல்வது, 1941-இன் சைக்கிள் கோரிக்கையின் தொடர்ச்சிதான்.

தொண்டு எங்கே முடிந்து அரசியல் எங்கே தொடங்குகிறது? ஒரு தோட்டத்தில் வென்ற உரிமையை அடுத்த தோட்டத்தில் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்போது அரசியல் தொடங்குகிறது. 1998-இல் மலேசிய சோசலிசக் கட்சியான பி.எஸ்.எம். உருவானது. பத்தாண்டுகள் அதற்குப் பதிவு மறுக்கப்பட்டது. நகராண்மைக் கழகத்துக்குப் போட்டியிட வழியில்லை, ஏனெனில் தேர்தலே இல்லை. ஆகவே ஜெயகுமார் பிற கட்சிகளின் சின்னத்தில், நாட்டின் மிகப் பலம் வாய்ந்த இந்திய அரசியல்வாதியான ச.சாமிவேலுவை எதிர்த்தே முதல் அடியை வைக்க வேண்டியிருந்தது. 1974 முதல் அத்தொகுதியைத் தன் கையில் வைத்திருந்தவர் சாமிவேலு. இரண்டு முறை தோற்ற ஜெயகுமார், 2008 மார்ச் 8 அன்று 1,821 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2013-இலும் வென்றார்.

நாடாளுமன்ற உறுப்பினரான பின்பும் அவர் வேலை உள்ளூர் வேலையாகவே இருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் என்பதால் தொகுதி நிதி கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார், நீதிமன்றம் ஏற்கவில்லை. 2011-இல் அவரும் தோழர்கள் ஐவரும் அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஜூலை 2 முதல் 29 வரை தடுத்து வைக்கப்பட்டார்கள். குறைந்தபட்ச ஊதியம் 2013-இல் நடைமுறைக்கு வந்ததில் பி.எஸ்.எம்., ஜெரிட் போன்ற அமைப்புகளின் நீண்டகாலப் பரப்புரைக்குப் பங்கு உண்டு. 2018-இல் சொந்தச் சின்னத்தில் நின்றபோது ஜெயகுமார் தோற்றார், கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. பெரிய கூட்டணிகளின் அலையில் ஓர் உள்ளூர்ப் பணியாளரின் முப்பதாண்டு உழைப்பு கரைந்துபோனது. தொகுதிக்குள் ஒரு வட்டாரத்தை மட்டும் வெல்லக்கூடிய தேர்தல் இருந்திருந்தால் அந்த உழைப்புக்கு நிலையான பிடி கிடைத்திருக்கும். ஜொகூரில் 2022 மார்ச் 12 சட்டமன்றத் தேர்தலில் கோத்தா இஸ்கண்டார் தொகுதியில் நின்ற பி.எஸ்.எம். வேட்பாளருக்கும் இதே சுவர்தான் எதிரே நின்றது.

தெருவிலிருந்து அமைச்சரவைக்கு

ஜெயகுமாரின் வழி வர்க்கத்தை முன்வைத்தது. இந்து உரிமைகளுக்கான இண்ட்ராப் இயக்கம் இனத்தை முன்வைத்தது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர்த் தெருக்களில் பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கூடினார்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து பாதுகாப்பின்றி விட்டுச்சென்ற பிரிட்டிஷ் அரசிடம் நீதி கேட்பது கோரிக்கை. கண்ணீர்ப் புகையும் தண்ணீர் பீய்ச்சலும் பதிலாக வந்தன. ஷா ஆலத்தை அடுத்த பாடாங் ஜாவாவில் அக்டோபர் இறுதியில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது மக்களின் கோபத்துக்கு உடனடிக் காரணம். அந்தக் கோயில் பிரச்சினையும் அடிப்படையில் உள்ளூர்ப் பிரச்சினை. தோட்டத்து மக்கள் எழுப்பிய பல கோயில்களுக்கு நிலப்பட்டா இல்லை. நிலம் கைமாறினால் அவை சட்டத்துக்குப் புறம்பான கட்டடங்கள் ஆகிவிடுகின்றன. இடிப்பது உள்ளூர் மன்றத்தின் அமலாக்கப் பிரிவு. அதைத் தடுத்து நிறுத்தும் வாக்கு மக்களிடம் இல்லாததால் அவர்கள் தலைநகரின் தெருவுக்கு வந்தார்கள்.

இயக்கத்தின் ஐந்து தலைவர்கள் 2007 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். அவர்களில் ஒருவரான மு.மனோகரன் கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். இன்னொருவரான வீ.கணபதிராவ் 2013-இல் அதே தொகுதியில் வென்று சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினராகி, 2022-இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரானார். வெளிநாட்டில் தங்கிப் போராடிய பொ.வேதமூர்த்தி 2013-இல் துணை அமைச்சராகி, அடுத்த ஆண்டே பதவி விலகினார். 2018-இல் ஒற்றுமைத் துறைக்குப் பொறுப்பான அமைச்சரானார்.

அந்தப் பொறுப்பில்தான் அவர் எல்லா வகை இனப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையின் பிரச்சினையைச் சந்தித்தார். 1965-இல் ஐ.நா. ஏற்ற அந்த உடன்படிக்கையில் மிகப் பெரும்பாலான நாடுகள் இணைந்துவிட்டன, மலேசியா இணையவில்லை. பிரதமர் மகாதீர் 2018 செப்டம்பரில் ஐ.நா. சபையில் எஞ்சிய மனித உரிமை உடன்படிக்கைகளை ஏற்பதாக வாக்களித்தார். மலாய்க்காரர்களின் சிறப்பு நிலைக்கு ஆபத்து என்ற எதிர்ப்பு எழுந்தது. நவம்பர் 23 அன்று அரசு பின்வாங்கியது. டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் பெருங்கூட்டம் கூடி அந்தப் பின்வாங்கலைக் கொண்டாடியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. மேலிருந்து கையெழுத்தாகும் உடன்படிக்கை, கீழே அதைத் தன்னுடையதாக நினைக்கும் மக்கள் இல்லாவிட்டால் நிற்பதில்லை. ஃபெல்டாவின் மலாய்க் குடியேறிக்கும், புதுக்கிராமத்துச் சீனருக்கும், தோட்டத் தமிழருக்கும் ஒரே மன்றத்தில் ஒரே வடிகாலைப் பற்றி விவாதிக்கும் பழக்கம் இருந்தால், சமத்துவம் என்பது தன்னிடமிருந்து எதையோ பறிக்கும் சூழ்ச்சி என்ற அச்சம் இவ்வளவு எளிதாகப் பரவியிருக்காது.

தன் இனத்துக்கு அப்பால்

இன நீதியைத் தன் இனத்தோடு நிறுத்திக்கொள்ளாதவர் ஐரீன் பெர்னாண்டஸ். தோட்டப் பின்னணியில் வளர்ந்து 1991-இல் தொழிலாளர் உரிமைக்கான தெனாகனித்தா அமைப்பைத் தொடங்கினார். செம்பனைத் தோட்டங்களில் மருந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து, கையுறையோ முகமூடியோ இல்லாமல் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்த அவர்களின் நகம் அழுகல், மூக்கில் இரத்தம், மங்கிய பார்வை ஆகியவற்றைப் பேசாப் பொருளாக விடாமல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்களில் தெனாகனித்தாவினர் முக்கியமானவர்கள். 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் பாராகுவாட் தடைசெய்யப்பட்டது.

குடியேறிய தொழிலாளர்களை அடைத்த தடுப்பு முகாம்களில் நடந்த கொடுமைகளை 1995-இல் ஐரீன் அறிக்கையாக வெளியிட்டார். அதற்காக வழக்கு, 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, மேல்முறையீடு என்று பதின்மூன்று ஆண்டுகள் அலைந்து 2008-இல் விடுதலையானார். தண்டனை காரணமாக 2004 தேர்தலில் நிற்க முடியாமல் போனது. 2005-இல் ரைட் லைவ்லிஹூட் விருது அவரைத் தேடி வந்தது. 2014-இல் மறைந்தார்.

இன்று தீபகற்பத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் தாத்தாக்கள் இருந்த அதே நிலையில், வாக்கும் நிலமும் இன்றி, வேலை போனால் வீடும் போகும் நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். நம் முன்னோர் பட்டதற்கு நீதி கேட்கும் நாம் இவர்கள் படுவதைக் கண்டும் காணாமல் இருப்பது நம் கோரிக்கையையே பொய்யாக்கிவிடும்.

செடெனாக்கில் செய்ய வேண்டியது

ஊராட்சித் தேர்தலுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தை நேராக எதிர்கொள்ள வேண்டும். வீட்டுவசதி, ஊராட்சித் துறை அமைச்சு 2018-இல் தேர்தலை மீட்கும் திட்டத்தைச் சொன்னபோது, அது இனப் பிளவை வளர்க்கும் என்று கூறிப் பிரதமர் மறுத்தார். ஜார்ஜ் டவுனும் ஈப்போவும் அந்த அச்சத்துக்கு வரலாறு தரும் பதில்கள். அதே வேளையில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஜொகூரின் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும் இந்தியர்கள், வட்டாரத்துக்கு ஒருவர் என்ற முறையில் எங்கும் வெல்லாமல் போகலாம். நியமன முறையில் கட்சிப் பங்காகவாவது ஓரிரு இடங்கள் கிடைக்கின்றன. ஆகவே நாம் கேட்க வேண்டிய தேர்தல், கட்சிகளும் குழுக்களும் பெறும் வாக்கு விகிதப்படி இடம் தரும் முறை. அப்போது சிறுபான்மை வாக்கு வீணாகாது, பிற இனத்தவரின் ஆதரவைத் தேடும் கட்டாயமும் எல்லோருக்கும் வரும்.

பினாங்கு அரசு தன் சட்டமன்றத்தில் 2012-இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றியது. கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் அது செல்லாது என்றது. எனவே இறுதித் தீர்வு நாடாளுமன்றத்தில்தான். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டத்தின்படி ஊர்த் திட்ட வரைவு வெளியிடப்படும்போது யாரும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் ஊர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒரு நிலத்தில் கட்டட வளர்ச்சிக்கு விண்ணப்பம் வரும்போது, அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்குத்தான் அறிவிப்புப் போக வேண்டும். ஐம்பது ஆண்டு வாழ்ந்தாலும் லயத்துக் குடும்பம் உரிமையாளர் ஆகாது, ஆகவே அறிவிப்பும் வராது. முதலில் திருத்த வேண்டிய விதிகளில் இது ஒன்று. உடைமையாளருக்கு உள்ள அறிவிப்பு உரிமை குடியிருப்பவருக்கும் கிடைத்தால், தோட்டம் தரவு மையமாக மாறும் செய்தியை இயந்திரம் வந்து நிற்கும் நாளில் அறியும் அவலம் குறையும்.

இரண்டாவது, நிலம் கைமாறும் முன்னரே வீடு, கோயில், இடுகாடு, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றுக்கான மாற்று நிலம் பட்டாவோடு எழுதித் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனையை மாநில அரசு விதிக்கலாம். நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. நிலப் பயன்பாட்டை மாற்ற நிறுவனம் மாநிலத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியிருக்கும் வேளையே இந்த நிபந்தனையைப் போடுவதற்கு ஏற்ற வேளை. மூன்றாவது, தண்ணீரும் மின்சாரமும் பெருமளவில் உண்ணும் தரவு மையங்களுக்கு வாசல் திறக்கும்போது, சுற்றியுள்ள குடியிருப்புகளின் குழாய்களுக்கும் உள்ளூர் இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்கும் என்ன உறுதி என்று கூலாய் நகராண்மைக் கழகத்தில் கேட்கப்பட வேண்டும். கேட்பவர் எந்தக் கட்சிக்கும் நன்றிக்கடன் படாதவராக இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு வலு இருக்கும்.

இந்த வேலைகளுக்குப் பெரிய தலைவர்கள் தேவையில்லை. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர், கோயில் நிர்வாகக் குழுவில் கணக்கு எழுதும் இளைஞர், பழைய லயத்துக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் பெண் ஆகியோரே நாளைய மன்ற உறுப்பினர்கள். அவர்கள் மனு எழுதப் பழகுகிறார்கள், கூட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கப் பழகுகிறார்கள், மலாய், சீன அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஒரே கோரிக்கையில் கையெழுத்திடப் பழகுகிறார்கள். 1968-இல் ஆதி நாகப்பன் எழுதிவைத்த பரிந்துரை இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது. அதைத் தூசி தட்டி எடுத்து, ஊராட்சித் தேர்தலை ஒவ்வொரு கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் எழுதவைப்பதும், எழுதியவர்களை அதற்குப் பொறுப்பாக்குவதும் செடெனாக் போன்ற ஊர்களில் தொடங்க வேண்டிய இன நீதிப் பணி. ஆட்சிகள் மாறியும் மாறாத அநீதி, தோட்டத்தில் பிறந்தவருக்குத் தன் ஊரை ஆளும் பங்கு மறுக்கப்படுவது. அந்தப் பங்கை நாம் சலுகையாகக் கேட்கக் கூடாது, குடிமக்களுக்கு உரிய உரிமையாகக் கேட்க வேண்டும்.